கவுத்திமலைக் குவார்ட்சைட்டின் மூலத்தை அறிய உதவி தேவை

நிலவியல் நண்பர்களுக்கு வணக்கம். வேலூரில் தங்கி, பழைய வட ஆர்க்காட்டின் உருமாறிய படிவுப் பாறைகளை முதுநிலை ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் சென்ற கவுத்திமலையில், இரும்புத் தாதுவான மேக்னடைட்டும் குவார்ட்சும் மாறிமாறிப் பட்டைகளாக அமைந்த பாறை இருப்பதை அறிவீர்கள். அது கடல்நீரிலிருந்து வேதிமுறையில் படிந்தது. என் சிக்கல், அதன் அருகே சேகரித்த இரும்பில்லாத குவார்ட்சைட் (பெரும்பாலும் குவார்ட்சால் ஆன உருமாறிய பாறை) மாதிரிகளைப் பற்றியது.

அவை மணற்கல் உருமாறியவையா, செர்ட் என்னும் சிலிக்காப் படிவு மறுபடிகமானவையா? மணற்கல்லாக இருந்தால்தான், அம்மணலைத் தந்த நிலப்பரப்பு எது, அது படிந்த இடம் கண்டத்தின் அமைதியான விளிம்பா, எரிமலைத் தீவு வளைவின் ஓரமா என்ற கேள்விகளுக்கே இடமுண்டு.

படிந்த இடத்தின் தன்மையைப் பிரித்தறிய 1986இல் ரோசரும் கோர்ஷும் முன்வைத்த வரைபடம் சிலிக்காவின் அளவையும் பொட்டாசியம், சோடியம் ஆக்சைடுகளின் விகிதத்தையும் சார்ந்தது. கிரானுலைட் நிலை எனப்படும் மிக உயர்ந்த உருமாற்ற வெப்பத்தைக் கண்ட நம் பாறைகளில் இவ்விரண்டும் இடம்பெயர்ந்திருக்கக்கூடும் என்பதால், அதைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை. எளிதில் இடம்பெயராத லாந்தனம், ஸ்காண்டியம், சிர்கோனியம் ஆகியவற்றின் விகிதங்களே மேலானவை என்று கருதுகிறேன். இவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் தோரியத்தை இவ்வளவு வெப்பம் கண்ட பாறையில் முழுமையாக நம்பலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

வயதைக் கணிக்க உதவும் சிர்கான் என்னும் கனிமத்தின் மணிகளில், உருண்டு தேய்ந்த உட்கருவையும் உருமாற்றத்தின்போது வளர்ந்த மேலுறையையும் பிரித்துப் பார்த்து வயது கணித்த அனுபவம் உள்ளவர்கள், குவார்ட்சைட்டில் எத்தனை கிலோ மாதிரி போதும் என்பதையும், மாணவர்களின் மாதிரிகளை ஏற்கும் ஆய்வகங்களையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.