திருப்பினாலும் அதே தலை: ஒரு ரோமானியக் காசு

காசு அடிக்கும்போது நேரும் பிழைகளில் இரட்டை அடி, ஓரம் விலகிய அச்சு பற்றியெல்லாம் நண்பர்கள் நிறைய எழுதிவிட்டீர்கள். நான் கையில் பிடித்துப் பார்த்தது புரோக்கேஜ், அதாவது ஒரே உருவம் ஒரு பக்கம் ஒழுங்காகவும் மறுபக்கம் குழியாக இடவலம் மாறியும் பதிந்த காசு.

லண்டனில் ஒரு நாணயச் சந்தை. சுத்தம் செய்யாத காசுகள் குவிந்திருந்த தட்டைக் கிளறும்போது அகப்பட்டது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர் காலியேனஸ் காலத்து ஆண்டோனினியானஸ் என்ற, பெயரளவில் வெள்ளிக் காசு, நம்ம ஊர்ப் பழைய 25 காசு அளவுதான். முன்பக்கம் வழக்கம்போல் கதிர்க் கிரீடம், தாடி, வலப்பக்கம் பார்க்கும் முகம். பின்பக்கம் ஏதாவது தெய்வம் நிற்க வேண்டும். திருப்பினால் அங்கேயும் பேரரசரே இருக்கிறார்! ஆனால் இடப்பக்கம் பார்த்தபடி, உள்ளே குழிந்து. எழுத்துகளும் இடவலம் மாறியிருந்தன. விரலால் தடவினால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் விளக்கினார். தலை உருவம் வெட்டிய அச்சு கீழே பட்டறைக்கல்லில் பொருத்தியிருக்கும். பின்பக்க அச்சைக் கையால் மேலே பிடிப்பார்கள். நடுவில் உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி. சில சமயம் அடித்த காசு விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒட்டியிருக்கும் காசே அச்சாகிவிடும். கீழ்ப்பக்கம் தலை ஒழுங்காக விழும், மேல்பக்கம் அதே தலை குழியாகப் பதியும். காசு கீழ் அச்சில் தங்கிவிட்டால், வில்லை வைக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் இந்தப் பிழையில் பெரும்பாலும் தலைப்பக்கமே இரண்டு முறை வருகிறது.

அதற்கு முந்தைய ரோமானியக் குடியரசுக் கால வெள்ளிக் காசான டினாரியஸிலும் இது உண்டு. ஆனாலும் காலியேனஸ், அவருக்கு அடுத்து வந்த பேரரசர் இரண்டாம் கிளாடியஸ் காசுகளில் எல்லா வகைப் பிழைகளும் மலிந்து கிடக்கின்றன. அவசரம்தான் காரணம் என்பது என் கணிப்பு. 260களின் கடைசியில் இந்த 'வெள்ளி'க் காசில் வெள்ளி 5 சதவீதம்கூட இல்லை. மதிப்பு சரியச் சரிய, படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசை அடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்த நாணயச்சாலை ஆட்கள் லேசுப்பட்டவர்களும் அல்ல. 271 வாக்கில் ஃபெலிசிசிமஸ் என்ற அதிகாரியின் தலைமையில் ரோமிலேயே கலகம் செய்தார்கள். அதை அடக்கப்போன, அப்போதைய பேரரசர் அவுரேலியனின் வீரர்கள் 7,000 பேர் மாண்டார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. எண்ணிக்கை கொஞ்சம் மிகையாக இருக்கலாம்.

புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த ரோமானியக் காசுகளில் இருப்பதும் அச்சுப் பிழையா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1898-ல் கிடைத்த அந்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. அது அச்சுப் பிழை இல்லை. காசு அடித்து முடித்த பிறகு யாரோ வேண்டுமென்றே வெட்டியது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஒரு காசின்மேல் இன்னொன்றை வைத்து வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கினாலும் குழிந்த தலை வந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் மறுபக்க உருவம் நசுங்கும், குழிக்குள் பழைய பின்பக்க உருவத்தின் மிச்சம் எங்காவது எட்டிப்பார்க்கும். ஒட்டிய காசு மேலும் மேலும் அடி வாங்கிப் பரந்துபோனால் அசல் புரோக்கேஜிலும் குழி உருவம் மங்கலாக இருக்கும் என்பதால், மங்கலை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பின்பக்க உருவம் இரண்டு பக்கமும் விழுந்த காசு யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் படம் போடுங்கள், நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.