கோத்தகிரியா, குன்னூரா, உதகையா? 42 பேர் கொண்ட ஆண்டுத் திட்டக் கூட்டத்துக்கு ஆலோசனை தேவை

கேள்வி: நிர்வாகப் பிரிவு, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஆண்டுத் திட்டக் கூட்டத்தை இம்முறை நீலகிரியில் இரண்டு இரவு தங்கி நடத்த வேண்டும் என்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். மொத்தம் 42 பேர் வருகிறோம். அவர்களில் பதினொரு பேர் மதுரை, திருநெல்வேலி, ஹூப்ளி ஆகிய ஊர்களிலிருந்து வரும் விற்பனைப் பிரிவினர்; நான்கு பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். மே மாதம், உதகை என்று இயக்குநர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. ஆனால் மறுத்துச் சொல்லத் தக்க காரணங்கள் கையில் இல்லை.

தயக்கத்துக்குக் காரணம் முந்தைய அனுபவம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலையூரில், அரங்கத்தைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகுதான், மடக்குக் கதவால் பிரித்த பெரிய கூடத்தின் பாதியே எங்களுக்கு என்பது தெரிந்தது. மறுபாதியில் ஒரு நிச்சயதார்த்தம். காலை முழுவதும் நாதஸ்வர ஓசைக்கு நடுவே விற்பனை இலக்குகளைப் பேச முயன்று, கடைசியில் தாள்களைக் கையில் கொடுத்து அனுப்பினோம். வெகு தொலைவிலிருந்து வந்த ஒருவர் புறப்படும்போது, "இந்தத் தாளைத் தபாலில் அனுப்பியிருக்கலாமே அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே இன்னும் உறுத்துகிறது.

எந்த ஊர், எந்த மாதம், நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: மலைப்பாதை

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகளாகக் கோத்தகிரியில் இருந்துகொண்டு இத்தகைய குழுக்களுக்கு வண்டியும் தங்குமிடமும் ஏற்பாடு செய்து தருகிறேன். உங்கள் தயக்கம் சரியானது. மே மாதத்தை முதலில் கைவிடுங்கள். உதகையில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மாவட்டமே கோடை விழாவில் இருக்கும் நேரம் அது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது; 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நாளொன்றுக்கு வரம்பும் விதித்தார்கள். சீசன் கூட்டத்தின்போது பர்லியாறு, குன்னூர் வழியாக ஏறுவது, கோத்தகிரி வழியாக இறங்குவது என்று ஒருவழிப் பாதையாகவும் மாற்றிவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவே 42 பேரை ஒரே நேரத்தில் அரங்கத்தில் உட்கார வைப்பது எளிதன்று.

இனி மழைக் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் உதகையின் பள்ளப் பகுதிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும்தான். வானம் தெளிந்திருக்கும், பள்ளித் தேர்வுகள் நெருங்குவதால் குடும்பங்களின் வரவு குறைந்திருக்கும், செவ்வாய் முதல் வியாழன் வரை என்று நாள் குறித்தால் அறை வாடகையிலும் பேசிக் குறைக்க இடமுண்டு.

ஊர் என்றால், உங்களுக்குக் கோத்தகிரியைத்தான் சொல்வேன். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிப்ரவரி இரவுக் குளிர் பெரியவர்களுக்குக் கடினம். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டியவை. குன்னூரும் நல்ல ஊர்தான். ஆனால் கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நேர் சாலை இருப்பதால் குன்னூர் நெரிசலைத் தொடாமலே வந்துவிடலாம்.

அரங்கத்தை நேரில் பாருங்கள், அதுவும் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். காலையில் எல்லா அரங்கமும் வெளிச்சமாகவே இருக்கும். போன ஆண்டு ஒரு குழுவை அழைத்துப் போனபோது, மூன்றே கால் மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மூடுபனி திறந்திருந்த சன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. அதே நேரம் மின்சாரமும் போயிற்று. ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் அது தாழ்வாரத்து விளக்குகளுக்கும் சமையலறைக்கும் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே "ஜெனரேட்டர் இருக்கிறதா" என்று கேட்காமல், மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு அரங்கத்தின் ப்ரொஜெக்டர் எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். வெந்நீருக்கு சோலார் மட்டும் வைத்திருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மூடுபனி இரண்டு நாள் நின்றால், காலை ஏழு மணிக்குக் குளிக்க நிற்கும் 42 பேரில் முதல் பத்துப் பேருக்குத்தான் சுடுநீர் வரும்.

பயணத்துக்கு ஒரு பெரிய பேருந்தை விட இரண்டு வேன்கள் நல்லவை. ஓட்டுநர்கள் மலைச்சாலைப் பழக்கம் உள்ளவர்களாக இருக்கட்டும். காலை உணவை மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஏறுபவர்கள் பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர், ஓசூர்

மேலே உள்ள நண்பர் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய கூட்டங்களை நடத்தியவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: மலைக்குப் போய், ஆலையில் உள்ள கூட்ட அறையையே அங்கே கட்டி எழுப்பினால் அந்தச் செலவு வீண்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த உடல் அன்று பிற்பகல் எண்களைத் தாங்காது. முதல் நாள் மதிய உணவுக்குப் பிறகு வெளியூர் விற்பனைப் பிரிவினரை மட்டும் பேச விடுங்கள். தலைமை அலுவலகத்தார் கேட்கட்டும், பதில் சொல்ல வேண்டாம். இரண்டாம் நாள் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை முக்கியமான முடிவுகள். அன்று பிற்பகல் நடை.

நடையை உல்லாசம் என்று இயக்குநர் எண்ணக்கூடும், அதனால் ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை குன்னூரில் எங்கள் உற்பத்திப் பிரிவுத் தலைவரையும் சர்வீஸ் பிரிவுத் தலைவரையும் வேண்டுமென்றே ஒரே இணையாகத் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் நடக்க விட்டேன். இரண்டு மாதமாக மின்னஞ்சலில் மட்டுமே சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், உற்பத்தித் தலைவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, கவாத்து செய்து போட்டிருந்த தேயிலைக் குச்சி ஒன்றால் ஈர மண்ணில், கசிவைத் தடுக்கும் சீல் ஒன்று பொருந்தும் விதத்தை வரைந்துகொண்டிருந்தார். சர்வீஸ்காரர் அதைக் காலால் அழித்துவிட்டு, குச்சியை வாங்கித் தாம் பார்த்த பழுதை வரைந்தார். மறுநாள் காலை அந்த விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அரங்கத்தில், எல்லார் முன்னிலையிலும், அவர்களில் ஒருவரும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சென்னை மாகாண அரசே கோடைதோறும் கோப்புகளோடு உதகைக்கு ஏறிய மலை இது. அவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். உங்களுக்கு இருப்பதோ இரண்டு இரவு. ஆகவே நிகழ்ச்சி நிரலில் ஆறு பொருள் இருந்தால் மூன்றை ஆலையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மேல் கூட்டம் வேண்டாம். இறக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் முடிப்பது நல்லது.

பதில் 3: குன்னூர்வாசி

சில உள்ளூர் விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை உண்டு. சோதனைச் சாவடியில் பெட்டி பெட்டியாக இறக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நினைவுப் பரிசு கொடுக்கும் எண்ணம் இருந்தால் எவர்சில்வர் பாட்டிலைக் கோயம்புத்தூரிலேயே கொடுத்துவிடுங்கள், வழியெல்லாம் பயன்படும். செப்டம்பரில் வர நேர்ந்தால், உபாசி எனப்படும் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடு பெரும்பாலும் அந்த மாதத்தில் குன்னூரில் நடப்பதால், நாளை விசாரித்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். ஜனவரியை ஒட்டி வரும் எத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் இன ஊழியர்களும் ஓட்டுநர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களை அந்த நாட்களில் வேலைக்கு வற்புறுத்துவது முறையன்று.

மலை ரயிலை நம்பி நிரல் போடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 42 இருக்கை ஒன்றாகக் கிடைப்பதும் அரிது. இரவு உணவுக்குப் பின் சாலையில் தனியாக நடக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். காட்டெருமையும் கரடியும் குடியிருப்புகளுக்குள்ளேயே வருகின்றன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மழைக் கணக்கையும் இ-பாஸ் வரம்பையும் இயக்குநரிடம் எடுத்துச் சொன்னேன். பிப்ரவரி இரண்டாம் வாரம், கோத்தகிரி என்று ஒப்புக்கொண்டார். வரும் வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு அரங்கம் பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு ஐயம் மீதம் இருக்கிறது. ஹூப்ளியிலிருந்து வரும் நான்கு பேர் காரில் இரவோடு இரவாக மைசூர் வழியாக வந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அனுமதிக்கலாமா?

மலைப்பாதை

இரவில் வர இயலாது, சகோதரி. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடப்பட்டிருக்கும். மைசூரில் இரவு தங்கிவிட்டு விடிந்ததும் புறப்படச் சொல்லுங்கள். மாநில எல்லையில் உள்ள கக்கநல்லா சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்பார்கள், அதை முதல் நாளே எடுத்து வைத்திருக்கட்டும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழி கிட்டத்தில் இருப்பதாக மொபைல் வரைபடம் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான சாலை அது, பழக்கம் இல்லாதவர்களுக்கு வேண்டாம். கூடலூர் வழியாகவே வந்தால் மதிய உணவுக்குக் கோத்தகிரியில் இருப்பார்கள். அவர்கள் பேச வேண்டிய அமர்வும் அதற்குப் பிறகுதானே.