நைட்டிங்கேல் உறுதிமொழியும் நம் ஊர் செவிலியர் பள்ளிகளும்

தாமிரபரணிக்காரன்:
நேற்று இங்கே ஓர் அன்பர் எழுதியிருந்தார்: கிறிஸ்தவ செவிலியர் பள்ளிகளின் நோக்கம் என்று அச்சிட்டிருப்பதெல்லாம் ஜெபம், ஒழுக்கம், சேவைதான்; தொழில் கற்றுக்கொடுப்பது கடைசியில்தான் என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவியும் மைத்துனியும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்கள். நோயாளியின் உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பார். சாதி, மதம், பணம் பாராதே. கற்ற திறமையை ஏழைக்கும் கொடு. இதுதான் அங்கே சொல்லிக் கொடுப்பது. நவீன செவிலியத்துக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே, செவிலியர்கள் ஏற்கும் அந்த உறுதிமொழியை, தாம் எழுதியதை, கடவுளின் முன்னிலையில்தான் தொடங்குகிறார். அவருக்குத் தெரியாத செவிலியமா இவருக்குத் தெரிந்துவிட்டது?

ரதவீதிவாசி:
அந்த அன்பர் நான்தான் அண்ணாச்சி. நைட்டிங்கேல் அந்த உறுதிமொழியை எழுதவே இல்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது. நைட்டிங்கேலின் பெயரை மரியாதைக்காக வைத்தார்கள். எழுதியவர் யாரென்றே தெரியாமல் நோக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்க வந்துவிட்டீர்கள்.

தாமிரபரணிக்காரன்:
பெயரே நைட்டிங்கேல் உறுதிமொழி. அவர் 1910 வரை உயிரோடு இருந்தார். தம் பெயரில் வந்ததை அவர் மறுத்தார் என்று காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

ரதவீதிவாசி:
மறுக்காததெல்லாம் அவர் எழுதியதாகிவிடுமா? 1893. டெட்ராய்ட். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் வார்டு சிஸ்டர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் பாளையங்கோட்டையில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள், பிறகு பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள். விளக்கேற்றும் விழாவில் அந்த உறுதிமொழியை நானும் சொன்னேன். அதை யார் எழுதினால் என்ன? அதில் மருத்துவருக்கு விசுவாசமாகத் துணை நிற்பேன் என்றும் ஒரு வரி உண்டு. ஒரு நாள் குழந்தைகள் வார்டில் ஊசி மருந்தின் அளவில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மருந்தை ஏற்றாமல், சீட்டைக் கையில் பிடித்தபடி டாக்டரிடம் போய் நின்றாள். அவர் கோபப்பட்டார். அவள் நகரவில்லை. கடைசியில் அவர்தான் சீட்டைத் திருத்தினார். அந்தத் துணிவு உறுதிமொழியில் இல்லை, பயிற்சியில் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, குதிகாலும் முதுகின் அடியும் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் நாங்கள் கற்ற அன்பு. அப்படிப் பாராமல் விட்டால் நோயாளிக்குப் படுக்கைப்புண் வரும், எத்தனை ஜெபம் செய்தாலும்.

தாமிரபரணிக்காரன்:
சிஸ்டர், நீங்களே ஜெபத்தைக் குறைத்துப் பேசினால் எப்படி?

முன்னாள் வார்டு சிஸ்டர்:
குறைக்கவில்லை. காலையில் ஜெபித்துவிட்டுத்தான் நான் வார்டுக்குப் போனேன். வேலூரில் மிஷன் மருத்துவமனையை உருவாக்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்த இயேசுவின் வழி என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட வாக்கு. பக்தியும் படிப்பும் அங்கே ஒன்றையொன்று தள்ளவில்லை. தொழில் கடைசி என்று எழுதிய ரதவீதித் தம்பி, ஒரு நாள் வந்து எங்கள் பிள்ளைகளின் செய்முறைப் பதிவேட்டைப் பார்க்கட்டும்.

நாசரேத் மணி:
வேலூர்க் கதை எதற்கு? நம் நெல்லைச் சீமையிலேயே, நாசரேத்தில், 1870-இல் மிஷனரி டாக்டர் ஸ்ட்ராச்சன் மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டார். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு எங்கள் ஊர் மட்டும் கண்ணில் படாது.

ரதவீதிவாசி:
நாசரேத் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். 2003-இல் திருச்சபையின் நிர்வாகப் பகுதியான திருமண்டலமும் பிரிந்துவிட்டது. நெல்லைப் பெருமையில் பங்கு கேட்க வேண்டாம்.

நாசரேத் மணி:
1870-இல் தூத்துக்குடி மாவட்டம் எங்கே இருந்தது? வரலாறு தெரிந்தவர் போல ஆண்டு சொல்லத் தெரிகிறது, இது தெரியவில்லையா?

ரதவீதிவாசி:
ஆண்டு என்றால் 1893-க்கு முதலில் பதில் வரட்டும். தாமிரபரணி அண்ணாச்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாமிரபரணிக்காரன்:
ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? என் மைத்துனியின் பாடப் புத்தகத்தில் நைட்டிங்கேல் பெயர்தான் போட்டிருக்கிறது.

முன்னாள் வார்டு சிஸ்டர்:
மாவட்டச் சண்டையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சேவை என்ற சொல்லை வைத்து எங்கள் வயிற்றில் அடித்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை அரசு செவிலியருக்கு இணையாகச் சம்பளம் தர வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சம்பளம் கேட்டதற்கு, ஊழியத்துக்கு விலை பேசலாமா என்று கேட்டார்கள். அதே நிர்வாகம் நோயாளியிடம் ஒரு ரூபாய்கூடக் குறைத்து வாங்கவில்லை. அன்று மனம் விட்டுப்போயிற்று. இயேசு கூலிக்காரனுக்குக் கூலி கொடுக்காதே என்று எங்கும் சொல்லவில்லை.

ரதவீதிவாசி:
இதைத்தானே நேற்றே சொன்னேன்!

முன்னாள் வார்டு சிஸ்டர்:
இல்லை தம்பி. பள்ளிகள் தொழிலைக் கடைசியில்தான் வைக்கின்றன என்றீர்கள் நீங்கள். நான் சொல்வது, அருமையாகக் கற்றுக்கொடுத்து அனுப்பும் பிள்ளைகளுக்கு வெளியே நியாயமான கூலி இல்லை என்று. என் பேச்சை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

தாமிரபரணிக்காரன்:
சம்பளம் நிர்வாகத்தின் விஷயம். பள்ளியின் நோக்கத்தில் அதை ஏன் இழுக்கிறீர்கள்?

முன்னாள் வார்டு சிஸ்டர்:
நோக்கத்தில் நீதி என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதனால்தான். உங்கள் மனைவியின் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

தாமிரபரணிக்காரன்:
வீட்டுப் பெண்களைச் சந்திக்கு இழுக்காதீர்கள் சிஸ்டர்.

முன்னாள் வார்டு சிஸ்டர்:
முதல் பதிவிலேயே அவர்களை இழுத்து வந்தது நீங்கள்தான்.

ரதவீதிவாசி:
சம்பளம் வரட்டும், போகட்டும். 1893 என்னவாயிற்று?