மழைக்காலத்துக்கு எந்த எழுத்துப் பேட் வாங்கலாம்?

ரங்கூன்வாசி:
அலுவலகத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் சேர்த்து ஏ4 பேட் மொத்தமா வாங்கணும். மழை வந்தா தாள் நெளியுது, ஜெல் பேனா மை பின்னாடி ஊறுது. எதைப் பார்த்து வாங்கறது?

காகிதக்கடை:
அட்டையில் 80 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கிற கணக்கு) போட்டிருப்பதை நம்பாதீங்க அண்ணே, நிறுத்துப் பாருங்க. 16 ஏ4 தாள் ஒரு சதுர மீட்டர். அதனால் 80 ஜிஎஸ்எம்ல ஒரு தாள் 5 கிராம். அட்டை இல்லாம 50 தாள் 250 கிராம் வரணும். 190 கிட்ட நின்னா அது 60தான். மை ஊறுறதுக்குக் கனம் மட்டும் காரணமில்லை, தாளில் சேர்க்கிற பசை குறைஞ்சாலும் ஊறும். ஜெல் பேனாவை ஒரே இடத்தில் ஐந்து விநாடி வெச்சுப் பாருங்க. புள்ளி ஓரம் மயிர் மயிரா பரவினா வேண்டாம்.

பைண்டர்:
நெளியறது இழைத் திசையால, அதாவது தாளில் நார் ஓடுற திசையால. ஈரத்தில் தாள் இழைக்குக் குறுக்கேதான் விரியும். இழை, ஒட்டிய விளிம்புக்கு இணையா ஓடணும். ஒரு தாளைக் கிழிச்சு ஒரு பக்கம் மட்டும் நனைங்க. குழாயா சுருளும், அந்தக் குழாயோட நீளம் எந்தத் திசையில் இருக்கோ அதுவே இழைத் திசை.

காகிதக்கடை:
பென்சில் பிடிக்கிற பிள்ளைகளுக்கு 60 போதும், வழவழப்பு வேண்டாம். பர்மிய எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறி வரும், கோடு 8 மி.மீ. இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையை முன்கூட்டியே பிரிக்காதீங்க.