பின் பிட்யூட்டரி: கிடங்கா, சுரப்பியா?

மண்டிக்காரர், செவ்வாய்ப்பேட்டை

என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. "பின் பிட்யூட்டரி ஆக்சிடோசினைச் சுரக்கிறது" என்று தேர்வில் எழுதியிருக்கிறாள். "சுரப்பதில்லை, சேமித்து வெளியிடுகிறது" என்று சிவப்பு மையில் திருத்தி ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் தொங்கும் சிறு சுரப்பி, அதன் பின்பகுதியைப் பற்றித்தான் சண்டை. இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சுதான். நான் திருத்தியவர் பக்கம்.

பாலை இறக்கும் ஆக்சிடோசின், உடம்பில் தண்ணீரைக் காக்கும் வாசோபிரஸ்ஸின் என்ற இரண்டு ஹார்மோன்களுமே மேலே, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் இருக்கும் நரம்பு செல்களில் தயாராகின்றன. அந்தச் செல்களின் நீண்ட இழையான ஆக்சான் வழியாக இறங்கி வந்து பின் பிட்யூட்டரியில் தங்குகின்றன. ஆத்தூர்ப் பக்கம் விளைந்த மக்காச்சோளம் எங்கள் மண்டியில் அடுக்கியிருக்கிறது என்பதற்காக மண்டியில் விளைந்தது என்று யாராவது சொல்வார்களா? கிடங்கு கிடங்குதான்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, ஏற்காடு

நான் திருத்தியிருந்தால் அந்த மதிப்பெண்ணைக் குறைத்திருக்க மாட்டேன் சார். தயாரிப்பு மேலேதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உங்கள் பெண் "தயாரிக்கிறது" என்று எழுதவில்லையே, "சுரக்கிறது" என்றுதானே எழுதினாள்? கிணற்றில் ஊற்று சுரக்கிறது என்கிறோம். அந்தத் தண்ணீரை ஊற்றா தயாரித்தது?

கிடங்கு என்ற சொல் எனக்கு ஒத்துவராததற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே இருப்பது மூட்டை அடுக்கிய அறை இல்லை, நரம்பு முனைகள். ஒவ்வொரு ஆக்சானும் கீழே வந்து ஏராளமான முனைகளாகவும் வீக்கங்களாகவும் பிரிகிறது. பெரிய வீக்கங்களை 1908இல் ஹெர்ரிங் என்பவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே ஹெர்ரிங் உடலங்கள் என்கிறோம். ஹார்மோன் அங்கே மிகச் சின்னப் பைகளுக்குள் இருக்கும். மேலிருந்து மின் துடிப்பு வந்ததும் முனையின் சவ்வில் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, பைகள் சவ்வோடு சேர்ந்து திறந்து உள்ளிருப்பதை வெளியே கொட்டுகின்றன. பக்கத்திலேயே தந்துகி என்ற, துளைகள் உள்ள மெல்லிய ரத்தக் குழாய். மூளையில் மற்ற இடங்களில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு இங்கே கிடையாது. நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இதற்குச் சுரத்தல் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு?

செவிலியர், அம்மாபேட்டை

டீச்சர் கோபப்படக் கூடாது, நான் மண்டி அண்ணன் பக்கம்தான் நிற்கிறேன். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை செய்திருக்கிறேன். பின்பகுதியோ அதை மூளையோடு இணைக்கும் காம்போ அடிபட்டிருந்தால் வாசோபிரஸ்ஸின் ரத்தத்துக்கு வராது, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மணிக்கு ஒருமுறை பையைப் பார்த்து அளவு எழுதுவோம். நிறமே இல்லாமல் குழாய்த் தண்ணீர் போல நிறைந்துகொண்டே இருக்கும். நோயாளி "தண்ணி, தண்ணி" என்று கேட்டபடியே இருப்பார்.

ஆனால் பலருக்கு இது கொஞ்ச நாளில் தானாகவே சரியாகிவிடும். காரணம், மேலே ஹைப்போதலாமஸில் செல்கள் உயிரோடு இருக்கின்றன. காம்பு உயரத்தில் அறுபட்டு அந்தச் செல்களும் போய்விட்டால்தான் நிரந்தரம். காம்பை வெட்டிய விலங்குகளில், சாயம் ஏறும் ஹார்மோன் சரக்கு வெட்டுக்கு மேல் பக்கம் தேங்கி நின்றதையும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சாயத்தை வைத்துத்தான் 1949இல் பார்க்மன் மேலிருந்து கீழே வரும் பாதையையே காட்டினார். தொழிற்சாலை மேலே இருக்கிறது. கீழே இருப்பது போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, ஏற்காடு

கோபம் எதற்கம்மா, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். அந்த நோயாளி எப்படித் தேறினார்? அறுபட்ட ஆக்சான்கள் வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ரத்தக் குழாய்களை ஒட்டிப் புதிய முனைகளை உண்டாக்கிக்கொண்டன. அதுவரை தொழிற்சாலை நன்றாக ஓடியும் பையில் குழாய்த் தண்ணீர்தானே நிறைந்தது? முனை இல்லாமல் ஹார்மோன் ரத்தத்தைச் சேராது.

1964இல் டக்ளஸும் பாய்ஸ்னரும் எலியின் பின் பிட்யூட்டரியைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். மூளையோடு தொடர்பே கிடையாது. சுற்றியுள்ள திரவத்தில் பொட்டாசியத்தைக் கூட்டியதும் வாசோபிரஸ்ஸின் வெளியே வந்தது. கால்சியத்தை எடுத்துவிட்டால் வரவில்லை. மேலே கேட்க யாருமே இல்லாத இடத்தில், அந்த வேலையைச் செய்தது எது?

மாட்டுக்காரர், ஓமலூர்

பெரிய படிப்பெல்லாம் எனக்குக் கிடையாதுங்க. ஆனால் ஆக்சிடோசின் என்றதும் எங்கள் மாடு ஞாபகம் வந்தது. போன வருஷம் கன்னு செத்துப்போச்சு. மறுநாள் கறக்க உட்கார்ந்தால் மடி கல்லு மாதிரி இருக்கிறது, காம்பில் நின்ற கொஞ்சம் பாலோடு சரி. மாடு கத்திக்கொண்டு வாசலையே பார்க்கிறது. ஊசி போட்டுக் கறந்துவிடு என்று ஒருத்தர் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கன்னுத் தோலிலேயே வைக்கோல் அடைத்துத் தைத்து மாட்டு முன்னால் நிறுத்தினார். மோந்து பார்த்தது, நக்கியது. நான் காம்பைப் பிடித்திருந்தேன், கையிலேயே தெரிந்தது, உள்ளே இருந்து திமுதிமுவென்று பால் இறங்கியது. மடியில் முன்னமே இருந்த பால்தான் அது. யார் பிடித்து வைத்திருந்தது, யார் விட்டது?

செவிலியர், அம்மாபேட்டை

அப்பா நல்ல முடிவு எடுத்தாரண்ணா. மாட்டின் உடம்புக்குக் கெடுதலாகப் பால் பெருக்க ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மடிக்குள் பால் அறைகளைச் சுற்றிச் சுருங்கக்கூடிய செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் ஆக்சிடோசின் வந்தால்தான் அவை அறைகளைப் பிழியும். வைக்கோல் கன்னின் வாசம் மூளைக்குப் போய், மூளையிலிருந்து துடிப்பு இறங்கி, பின் பிட்யூட்டரி ஹார்மோனை விட்டது.

மண்டிக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பாருங்கள், துடிப்பு மேலிருந்துதான் இறங்கியது! உத்தரவு போட்டது மூளை. கிடங்கு கதவைத் திறந்தது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, ஏற்காடு

கதவு என்றால் எப்போது தட்டினாலும் ஒரே மாதிரி திறக்க வேண்டும் சார். இந்த முனைகள் அப்படியில்லை. தனியே எடுத்த பின் பிட்யூட்டரிக்கு ஒரே எண்ணிக்கையில் மின் துடிப்புகளைக் கொடுக்கிறார்கள். சீரான இடைவெளியில் கொடுத்தால் ஓர் அளவு வாசோபிரஸ்ஸின். அதே துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக, நடுவில் ஓய்வு விட்டுக் கொடுத்தால் அதைவிட அதிகம். கொத்தாக வரும்போது ஒவ்வொரு துடிப்பும் முனையில் சற்று நீள்கிறது, கால்சியம் கூடுதலாக நுழைகிறது. ஓய்வே இல்லாவிட்டால் முனை களைத்துவிடுகிறது.

தாய் எலியிடம் குட்டிகள் விடாமல் சப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆக்சிடோசின் செல்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு மூன்று விநாடி படபடவென்று துடிக்கின்றன. சில விநாடிகளில் பால் இறங்கிவிடும். எத்தனை அழகான ஏற்பாடு! முப்பது வருஷம் பாடம் எடுத்தும் இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

முனைகளைச் சுற்றிப் பிட்யூசைட் என்ற துணை செல்கள் உண்டு. சாதாரண நாளில் முனைகளைப் போர்த்திக்கொண்டு நிற்கும். உடம்பில் தண்ணீர் வற்றினாலோ தாய் பால் கொடுக்கும் காலத்திலோ விலகிக்கொள்ளும், முனைகள் தந்துகியோடு நெருங்கும். அப்புறம் ஒன்று, இது உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது: அங்கே புதிதாக வந்த பைகள்தான் முதலில் வெளியே போகின்றன. பழையவை உள்ளே வீக்கங்களுக்குள் ஒதுங்கிவிடும். உங்கள் மண்டியில் இப்படிச் செய்வீர்களா?

மண்டிக்காரர், செவ்வாய்ப்பேட்டை

மாட்டோம் டீச்சர். பழைய மூட்டைதான் முதலில் லாரி ஏறும், இல்லாவிட்டால் வண்டு விழுந்துவிடும். சரி, கிடங்கு என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் மதிப்பெண் விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். பக்கத்திலேயே முன் பிட்யூட்டரி இருக்கிறது. பாலை உண்டாக்கும் புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன் எல்லாவற்றையும் தானே தயாரித்துத் தானே விடுகிறது. ஹைப்போதலாமஸ் அதோடு பேசுவது நரம்பு வழியாக இல்லை, ரத்தக் குழாய் வழியாக. இரண்டுக்கும் "சுரக்கிறது" என்ற ஒரே சொல்லைப் போட்டால் இந்தப் பெரிய வித்தியாசம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, ஏற்காடு

அது நியாயமான கவலை. அப்படியானால் கேள்வியில் "எங்கே தயாராகிறது, எங்கே சுரக்கிறது" என்று இரண்டாகக் கேட்கட்டும். கேட்காத கேள்விக்கு ஏன் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும்?

மாட்டுக்காரர், ஓமலூர்

நடுவில் ஒரு சந்தேகம். பால் இறங்கினதும் மளமளவென்று கறந்து முடி, நடுவில் எழுந்து போகாதே என்று அப்பா சத்தம் போடுவார். அதுவும் இதனால்தானா?

செவிலியர், அம்மாபேட்டை

இதனால்தான் அண்ணா. ஆக்சிடோசின் ரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும், அப்புறம் பிழிவது நின்றுவிடும். மாடு மிரண்டாலும் அப்படித்தான், அட்ரினலின் வந்து தடுத்துவிடும்.

மாட்டுக்காரர், ஓமலூர்

சரிங்க. மடி கழுவின பிறகு போன் அடித்தால் இனி எடுக்கப் போவதில்லை. நாயையும் கறக்கிற நேரத்தில் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கட்டிவிடுகிறேன்.