கொள்ளளவு இழப்பு: 'உப்பிறுகல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஈய அமில பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவை (கொள்ளளவை) குறைத்துவிடும் 'சல்பேஷன்' என்ற கோளாறுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு ஆரம்பித்த பேச்சில் இதுவரை சல்பேட்டாதல், சல்பேட்டேற்றம், கந்தகமேற்றம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சொல் பிழைத்தால் பேட்டரியைப் பார்க்கும் கண்ணும் பிழைத்துவிடும்.

இந்தச் சொல் யாருக்கு வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம், மலேசிய மின்விநியோக நிறுவனமான டிஎன்பியின் கம்பி எட்டாத சரிவில் ஒரு டுரியான் தோட்டக் குடிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கூரைமேல் 100 வாட் சோலார் பலகை, உள்ளே 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, சார்ஜை ஒழுங்குபடுத்தி, பேட்டரி இறங்கினால் விளக்கை அணைக்கும் சார்ஜ் கண்ட்ரோலர், நாலு எல்இடி விளக்கு, ஒரு காற்றாடி. பழம் விழும் பருவத்தில் இரவெல்லாம் விளக்கு வேண்டும். தோட்டக்காரர் என்ன சொல்கிறார்? "கண்ட்ரோலர்ல பச்சை விளக்கு எரியுது, ஆனா ராத்திரி பத்து மணிக்கே இருட்டாயிடுது. பேட்டரி கொங்." கொங் என்றால் செத்துப்போச்சு என்று பொருள். கடைக்காரரும் கொங் என்கிறார். புது பேட்டரி வாங்கி வைக்கிறார்கள். அதுவும் சீக்கிரமே கொங். நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே சொல் இருப்பதால் வரும் வினை இது.

இப்போது சல்பேட்டாதலுக்கு வருகிறேன். ஈய அமில பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போதெல்லாம் இரண்டு தட்டுகளிலும் ஈய சல்பேட் உண்டாகிறது. சார்ஜ் ஏறும்போது அது மறுபடி ஈயமாகவும் ஈய டைஆக்சைடாகவும் கந்தக அமிலமாகவும் திரும்புகிறது. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்த முதல் ஈய அமில பேட்டரி தொட்டு இன்றுவரை நடப்பது இதேதான். சல்பேட் ஆகாவிட்டால் விளக்கே எரியாது. அப்படியிருக்க 'சல்பேட்டாதல்' என்று நோய்க்குப் பெயர் வைத்தால், பேட்டரி ஒழுங்காகச் செய்கிற வேலைக்கே நோய்ப் பெயர் சூட்டியதாகிவிடும். ஆங்கிலச் சொல்லில் உள்ள குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

கோளாறு அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. முழுச் சார்ஜ் ஏறாமல் வாரக்கணக்கில் கிடந்தால், பொடியாக இருந்த சல்பேட் படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி இறுகிவிடுகின்றன. பிறகு வழக்கமான சார்ஜுக்கு அவை எளிதில் கரைவதில்லை. தட்டின் அந்தப் பகுதி அடைபட்டுப் போகிறது. வெல்லம் பாகாக இருக்கும்வரை கிளறலாம், கட்டிவிட்டால் கரண்டி இறங்காது; அதுபோலத்தான். ஆக நாம் பெயரிட வேண்டியது உண்டாவதை விட்டுவிட்டு, இறுகுவதை. அதனால்தான் உப்பு + இறுகல், உப்பிறுகல்.

"உப்பு என்றால் கறியுப்பு நினைவுக்கு வராதா?" என்று கோலாலம்பூர் நண்பர் கேட்பார் என்று தெரியும். அமிலமும் உலோகமும் சேர்ந்து தரும் சேர்மத்துக்கு உப்பு என்பதே நம் வேதியியல் வழக்கு. மலாய்ப் பாடநூலிலும் உப்பைக் குறிக்கும் சொல்லைத்தான் ஆளுகிறார்கள். இடைநிலைப் பள்ளி முடித்த பிள்ளைக்கு இது புதிதாக இருக்காது.

'சல்பேட்டேற்றம்' பரிந்துரைத்த ஐயா மன்னிக்க வேண்டும். 'ஏற்றம்' என்பதை நாம் சார்ஜுக்கு ஒதுக்கிவிட்டோம்: மின்னேற்றம், மிகையேற்றம், குறையேற்றம். நோய்க்கும் ஏற்றம், மருந்துக்கும் ஏற்றம் என்றால் படிப்பவர் தடுமாறுவார். கந்தகமேற்றம் என்றாலோ ரப்பர் நாட்டுக்காரனான எனக்கு ரப்பரில் கந்தகம் சேர்த்து வலுவாக்குவதுதான் முதலில் தோன்றுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 'உப்பிறுகிய தட்டு', 'உப்பிறுகாமல் காக்க', 'உப்பிறுகிப்போச்சு' என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தங்குதடையின்றி ஓடுகிறது. மருந்துக்கும் சொல் தானாகக் கிடைக்கிறது: உப்பிளக்கல். நீர் ஊற்றும் வகை பேட்டரியில் இது செய்யலாம். விளக்கு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, 15 முதல் 15.5 வோல்ட் வரை உயர்த்தி, மணிக்கொரு தரம் அமிலத்தின் அடர்த்தியை அளந்து, அது மேலே ஏறாமல் நிற்கும்வரை சார்ஜ் செய்வது. பேட்டரியின் அறைகளான கலங்களைச் சமமாக்கவும் இதையே செய்வதால் சமனேற்றம் என்றும் சொல்லலாம். ஹைட்ரஜன் வெளியேறும், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே கதவு, சன்னல் திறந்திருக்க வேண்டும், கொசுவத்திகூட அருகில் கூடாது. மூடிய வகை பேட்டரிக்கு இது ஆகவே ஆகாது. எங்கள் அகராதிக் குறிப்பில் இந்த எச்சரிக்கையும் சேர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தனிச்சொல் தேவை என்பதற்கு வலுவான சான்று, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இருக்கிறது. நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265ஐ எட்டாமல் 1.200 பக்கமே நின்றால், அமிலத்துக்குத் திரும்ப வேண்டிய சல்பேட் தட்டிலேயே சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். அது உப்பிறுகல். அடர்த்தி ஒழுங்காக ஏறிவிட்டது, ஆனாலும் இரவில் தாங்கவில்லை என்றால் தட்டில் பூசியிருக்கும், மின்சாரம் தேக்கும் பசையே உதிர்ந்து அடியில் விழுந்திருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் ஈயச் சட்டம் அரித்திருக்கலாம். இதற்குத் தட்டுதிர்வு, சட்ட அரிப்பு என்ற சொற்களை முன்வைக்கிறேன். உப்பிறுகலுக்கு ஓரளவு மருந்துண்டு, இவ்விரண்டுக்கும் இல்லை. தகரக் கூரையடியில் பேட்டரி வைப்பவர்களுக்குச் சட்ட அரிப்பும் விரைவில் வரும். வெப்பம் 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு.

நான்காவது கோளாறுதான் அதிகம் ஏமாற்றுகிறது. பேட்டரி நன்றாகவே இருக்கும், கொள்ளளவு போனதுபோல் காட்டும். கண்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே 5 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 10 மீட்டர். 6 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.4 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். இரவில் பேட்டரியில் 11.5 வோல்ட் இருந்தாலும் கண்ட்ரோலர் 11.1 என்று படித்து விளக்கை அணைத்துவிடும். இதைப் 'பொய்க்குறைவு' என்று அழைக்கலாம். இன்வெர்ட்டர் போட்டு 400 வாட் ரைஸ் குக்கர் வைத்துப் பார்த்துவிட்டு "100 ஆம்பியர்-மணி வரல" என்பதும் இதே இனம்தான். அந்த 100 என்பது 5 ஆம்பியராக 20 மணி நேரம் எடுத்தால் கிடைப்பது. 35 ஆம்பியர் உறிஞ்சினால் குறைவாகத்தான் வரும். பொய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897இலேயே இதற்குச் சூத்திரம் எழுதிவைத்தார்.

ஆனால் அதே கம்பி பகலில் செய்யும் வேலையைப் பாருங்கள். கண்ட்ரோலர் சார்ஜின் மேல்வரம்பான 14.4 வோல்ட் வந்துவிட்டது என்று எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்க ஆரம்பிக்கிறது, பேட்டரியிலோ 14.0தான். மின்னோட்டம் குறையக் குறைய இந்த வேறுபாடும் குறையும் என்பது உண்மை. ஆனால் கடைசி இருபது விழுக்காடு ஏற மணிக்கணக்காகும். பாலிக் புலாவில் கிழக்கே மலை நிற்பதால் காலை வெயில் தாமதமாக வரும். அக்டோபரில் பிற்பகல் மழை. புகைமூட்டக் காலத்தைச் சொல்லவே வேண்டாம், 2015இல் வாரக்கணக்கில் வானமே தெரியவில்லை. கடைசி ஏற்றத்துக்கு வேண்டிய அந்த மணிநேரம் கிடைப்பதில்லை. நாள்தோறும் குறையேற்றம், அதன் முடிவு உப்பிறுகல். அதாவது ஒரே மெல்லிய கம்பி இரவில் பொய்க்குறைவையும், பகலில் மெய்யான உப்பிறுகலுக்கு வழியையும் தருகிறது. இரண்டையும் 'கொங்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை, இருபது ரிங்கிட் கம்பியை மாற்ற யாருக்கும் தோன்றாது; நானூறு ரிங்கிட் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு உப்பிறுகல் பொருந்தாது. அங்கே கலங்களிடையே சமன் கெடுவது தனிக் கதை, தனியாகப் பேசுவோம்.

பேட்டரியை மின்கலம் என்பதா என்ற விவாதத்தை இதோடு கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பேட்டரி என்றே எழுதுகிறேன், அதன் ஓர் அறைக்கு மட்டும் கலம்.

அகராதிக்கு நான் எழுதிய வரைவு இது:

உப்பிறுகல் (பெ.): ஈய அமில பேட்டரி தொடர்ந்து குறையேற்றத்தில் இருக்கும்போது, தட்டுகளில் உண்டான ஈய சல்பேட் பெரும்படிகங்களாக இறுகி, வழக்கமான மின்னேற்றத்தில் கரையாமல் போதல். அடையாளம்: நீண்ட மின்னேற்றத்துக்குப் பிறகும் அமில அடர்த்தி தாழ்ந்திருத்தல், மின்னேற்றத்தில் வோல்ட் விரைந்து ஏறுதல், விளக்கு முதலிய பளுவைக் கொடுத்ததும் விரைந்து இறங்குதல். எதிர்: உப்பிளக்கல். ஒப்பிடுக: தட்டுதிர்வு, சட்ட அரிப்பு, பொய்க்குறைவு.

அடர்ந்த அமிலம் அடியில் தங்கி, மேலே நீர்த்துப்போகும் நிலைக்கு மட்டும் சொல் அமையவில்லை. 'அமில அடுக்கு' என்று எழுதிப் பார்த்தேன், கலங்களின் வரிசையைக் குறிக்கும் கல அடுக்கோடு மோதுகிறது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பட்டறைகளில் வேலை செய்யும் தம்பிகள் இதை வாய்மொழியாக எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.