தங்கை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள், யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்வது?

திண்டுக்கல்_அக்கா கேட்டது:

என் தங்கைக்கு 19 வயது. கோவையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படிக்கிறாள். போன வருடம் உடம்பைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்று ஆரம்பித்தாள். முதலில் சோறு போனது, அப்புறம் எண்ணெய், அப்புறம் தேங்காய். வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். பிறகு செவ்வாய், சனி எல்லாமே விரதமாகிவிட்டது. சாமி காரியம் என்பதால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பங்குனி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாதவிலக்கு நின்று பல மாதம் ஆகிறது. டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையில் வந்தது, மாத்திரையை விட்டதும் நின்றுவிட்டது.

ஆளே மாறிப்போனதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பந்தியில் உட்கார வேண்டுமே என்று சித்தி மகள் கல்யாணத்துக்கே வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த தோழியின் போனை எடுப்பதில்லை. ஆனால் இரவெல்லாம் சமையல் வீடியோ பார்க்கிறாள். கேரட் அல்வா கிளறி எங்களுக்கு வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா திமிர் என்கிறார், செல்போன் கெடுத்துவிட்டது என்கிறார். அம்மா திருஷ்டி கழிக்கிறாள். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்று பெரியம்மா ஜாதகத்தைக் கேட்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

அக்கா, கல்லூரி நாட்களில் எனக்கு இருந்தது இதேதான், அனோரெக்ஸியா: எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி உடம்பைப் பட்டினி போடும் மனநோய். உங்கள் தங்கைக்கும் அதுவா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அல்வாவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944-45 இல் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்து எடுத்த ஆட்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கும் கிடையாது. ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டதும் அவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கோடையிலும் குளிர் என்று போர்த்திக்கொண்டார்கள். நாடித்துடிப்பு குறைந்தது. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் அளைந்து அளைந்து தின்றார்கள். சிரிப்பு போனது, காதலியிடம் நாட்டம் போனது, நண்பர்களோடு உட்காரப் பிடிக்காமல் ஒதுங்கினார்கள். எல்லாம் பசி செய்த வேலை.

உங்கள் தங்கை கல்யாணத்துக்கு வராததையும் தோழியை ஒதுக்கியதையும் இப்படிப் பாருங்கள். அவளுக்கு உங்கள் மேல் பாசம் போய்விடவில்லை. எனக்கு அந்தக் காலத்தில் தலைக்குள் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கும்: காலையில் என்ன தின்றோம், ராத்திரி எதைத் தவிர்க்கலாம். எதிரில் அம்மா பேசுவது காதில் விழும், மனதில் ஏறாது. யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்லிச் சொல்லி அலுத்து, ஆட்களையே தவிர்ப்பேன். உடம்பு தேறிய பிறகுதான் தோழிகளின் மேல் பழைய பிரியம் திரும்பியது. மனசு மாறட்டும், அப்புறம் சாப்பிடுவாள் என்று காத்திருக்காதீர்கள். சாப்பாடு முதலில் வர வேண்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள், லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் லசேக் என்ற இரண்டு டாக்டர்கள் 1873 லேயே இதை விவரித்துவிட்டார்கள். அப்போது ஏது செல்போன்.

மலைக்கோட்டை_அம்மா எழுதியது:

என் மகளுக்குப் பதினாறு வயதில் வந்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான ஒரு முறையை எங்கள் மனநல மருத்துவர் சொன்னார்: கொஞ்ச காலத்துக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெற்றோரே முடிவு செய்து, மூன்று வேளையும் கூடவே உட்கார வேண்டும். உங்கள் தங்கைக்கு வயது கூடுதல், அவள் சம்மதமும் வேண்டும், ஆனாலும் டாக்டரிடம் கேளுங்கள்.

நெய் ஊற்றிய பருப்புச் சாதத்துக்கு முன்னால் என் மகள் அழுவாள், தட்டைத் தள்ளுவாள், என்னை என்னென்னவோ சொல்வாள். நான் வாக்குவாதம் பண்ணவில்லை. 'இது கஷ்டம்னு தெரியும் கண்ணு, அம்மா இங்கேயே இருக்கேன்' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் பல்லாங்குழி எடுத்து வைப்பேன், பாத்ரூம் பக்கம் போய் வாந்தி எடுத்துவிடாமல் இருக்க. என் கணவர் எடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியதுதான் பெரிய உதவி. வீட்டில் எடை என்ற பேச்சே எழவில்லை.

சொந்தக்காரர்களை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். எலும்பும் தோலுமாகிவிட்டாய் என்பதை அவள் பாராட்டாக எடுத்துக்கொள்வாள். தேறி வரும்போது 'நல்லா சதை போட்டுட்டே' என்று ஒரு அத்தை சொன்னதில் என் மகள் மறுபடி தட்டைத் தள்ளினாள். கல்யாணப் பேச்சை இப்போது யார் எடுத்தாலும் தடுத்துவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

நான் நர்ஸ். முதலில் பொதுமருத்துவர், இன்றைக்கோ நாளைக்கோ. ஈ.சி.ஜி., நாடி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை. பட்டினியில் இதயத் தசையும் மெலியும். பொட்டாசியம் இறங்கினால் துடிப்பு தாறுமாறாகும். இதே அனோரெக்ஸியா இருந்த அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983 இல் 32 வயதில் இதயம் நின்றுதான் இறந்தார். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சாப்பாடு முதலில் என்று மேலே சொன்னது சரி. ஆனால் நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவில் தொடங்குவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஹார்மோன் மாத்திரையில் ரத்தப்போக்கு வந்ததை வைத்து உடம்பு சரியாகிவிட்டதாக நினைக்காதீர்கள். எலும்பு வலுவேறும் வயது இது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து கிடந்தால் அந்த வலு சேராது. அடுத்து மனநல மருத்துவர். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416 க்குப் போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

திண்டுக்கல்_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலையில் ஈ.சி.ஜி.க்குக் கூட்டிப் போகிறோம், அப்பாவும் வருகிறார். ஒன்று மட்டும்: திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குத் திரும்புவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பரீட்சை வருகிறது. அனுப்பலாமா?

வார்டு_சிஸ்டர்:

ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் சொல்லும்வரை அனுப்பாதீர்கள். மருத்துவச் சான்று வாங்கி கல்லூரியில் பேசுங்கள், பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். நாளை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.